புதுப் புத்தகத்தில் மூச்சு விதி

எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஓர் ஊர் இருந்தது. ஏரிக்கு அடியில் மூழ்கிப்போன ஊர். அதன் தெருக்களில் பச்சை வெளிச்சம் மட்டும் நடமாடும். மண்டபத் தூண்களுக்கு நடுவே மீன்கள் போய்வரும். வாசற்படிகள் கீழ்நோக்கியே போகும், எத்தனை படி என்று யாரும் எண்ணி முடித்ததில்லை. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு மாடிப்படி ஏறினால் அந்த ஊருக்குள் இறங்கலாம். ஐந்தரை மணிக்குத் திரும்பிவரும்போது என் சட்டை நனையாமல் இருப்பது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

அதைக் கொண்டுவந்தவர் மாடியில் வாடகைக்கு இருக்கும் தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறார். கீழே எங்கள் தறி. குடிவந்த இரண்டாவது வாரமே தயங்கித் தயங்கி இறங்கி வந்தார்.

"அண்ணா, காலைல பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கொஞ்சம் நிறுத்த முடியுமா? மீட்டிங்ல வெளிநாட்டுக்காரரு, உங்க வீட்டுக் கதவை யாரோ தட்டிக்கினே இருக்காங்க, போய்த் திறங்கன்னு சொல்றாரு."

என் மனைவி சிரித்துவிட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு நூல் சுற்றுவது, அறுந்ததை முடிச்சுப் போடுவது போன்ற சத்தமில்லாத வேலைகளை வைத்துக்கொண்டோம். அதற்கு நன்றியாகத்தான் தம்பி என்னை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். "ஒரு ஆள் குறையுதுண்ணா. சும்மா வந்து உட்காருங்க, போதும்." சும்மா உட்காரலாம் என்றதால்தான் போனேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே முடியாத காரியம்.

அது பேச்சால் ஆடும் ஆட்டம். தம்பி கதை சொல்வார். மற்ற மூன்று பேரும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். ஓர் இடத்துக்கு வந்ததும் தம்பி நிறுத்தி, "நீங்க இன்னா பண்றீங்க?" என்பார். நாம் செய்ய நினைப்பதைச் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். இருபது முகம் உள்ள பகடை, நெல்லிக்காய் அளவு. விழுகிற எண்ணைப் பொறுத்துக் காரியம் நடக்கும், அல்லது நடக்காது. எந்தக் காரியத்துக்கு எந்த எண் என்பதெல்லாம் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது.

எங்களோடு ஆடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நர்சு. ஓரிக்கையிலிருந்து ஸ்கூட்டியில் வருவார், டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. கதையில் அவர் தோணிக்காரி. அந்த ஏரியின் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் தெரிந்த ஒரே ஆள். இன்னொருவர் ஐயம்பேட்டை ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். கதையில் அவர் திருடன். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் திறந்தே ஆக வேண்டும் அவருக்கு. நான் முதல் நாளே தம்பியிடம், "பேச வேண்டாத வேஷம் ஏதாவது இருக்குதா?" என்று கேட்டேன். விளக்குப் பிடிப்பவன் வேடத்தைக் கொடுத்தார். தண்ணீருக்கு அடியிலும் அணையாத விளக்கு. நான் பிடித்திருந்தால் மற்றவர்களுக்குக் கண் தெரியும். அவ்வளவுதான் என் வேலை. நாலு வருடம் அதைச் செய்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழ் படிப்பேன், நிதானமாக. ஆங்கிலப் புத்தகம் எனக்குப் படம் பார்க்க மட்டும்தான். அதனால் தம்பி ஒரு விதியைச் சொன்னால் காதில் வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் தறியில் உட்கார்ந்து மிதிக்கு ஒருமுறை அதை வாய்க்குள் சொல்லுவேன். எங்கள் சேலைக்குக் கரை தனி, உடல் தனி. என் வலப்பக்கம் மனைவி உட்கார்ந்து கரை நாடாவை விடுவாள், நான் உடல் நாடாவை விடுவேன். இரண்டு பேரும் ஒரே எண்ணிக்கையில் இருந்தால்தான் இரண்டும் சேரும். எண்ணிக்கையோடு எதைச் சேர்த்துச் சொன்னாலும் எனக்கு அது உள்ளே போய்விடும். நெருப்புக்கு இத்தனை, விழுந்தால் இத்தனை, விஷத்துக்கு இத்தனை என்று ஒரு வருடத்தில் மொத்தப் புத்தகமும் என் வாயில் இருந்தது.

அதன் பிறகு யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. எங்கள் மாடியில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கதை ஓடும்போது தம்பியே என் பக்கம் திரும்பி, "அண்ணா?" என்பார். நான் எண்ணைச் சொல்லுவேன். மேலே போவோம். "புத்தகத்தைப் புரட்னா தண்ணியெல்லாம் வத்திப்பூடும்பா" என்பார் ஆட்டோக்காரர். உண்மைதான். தாள் சரசரத்தால் அந்த ஊர் போய் மாடி அறையும் மின்விசிறியும் வந்துவிடும். என் குரல் என்றால் தண்ணீர் அசையாது. அந்த அறையில் நான் பேசியது அது மட்டும்தான். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் மழைக்குக் கொஞ்சம் முன்னால் புதுப் புத்தகம் கூரியரில் வந்தது. அதே ஆட்டம், விதிகளை மாற்றி எழுதிய புது எடிஷன். தம்பி பாய்மேல் விரித்து வைத்தார். நல்ல காகித வாசனை. படங்களைப் பார்த்தேன். பழைய புத்தகத்தில் பார்த்துப் பழகிய பூதங்களும் பாம்புகளும் இதிலும் இருந்தன, ஆனால் வேறு முகத்தோடு. ஊருக்குப் போய்விட்டு வருவதற்குள் தெருவில் எல்லாரும் தங்களுக்குப் பதிலாகத் தம் அண்ணன் தம்பிகளை விட்டுவிட்டுப் போனது போல இருந்தது.

"பழசை எல்லாம் மறந்துடுங்க" என்றார் தம்பி.

"என்னாத்த மறக்கறது? எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ஆட்டோக்காரர். "அண்ணனைப் பார்த்துச் சொல்லு. அவருதான் பாவம், முழுசா முழுங்கி வச்சிக்கினு இருக்கறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பாயைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே இல்லை, விளக்கம்தான். சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி எழுதிக் காட்டினார். சண்டை, நடை, வெளிச்சம், பசி என்று ஒவ்வொன்றாக வந்தது. எனக்குப் பெரிய பயம் ஒன்றில் இருந்தது. புது எடிஷனில் பகடை உருட்டும் முன், நாம் செய்வதை நம் வாயால், நான் என்று சொல்லி, முழுசாகச் சொல்ல வேண்டுமாம். "விளக்குப் பிடிக்கறேன்னு தலையாட்டினா போதாதாம்ணா" என்றார் தம்பி, என்னைப் பார்க்காமல். நல்லவர். பார்த்துச் சொல்லியிருந்தால் நான் அடுத்த வாரம் வந்திருக்க மாட்டேன்.

தண்ணீர்ப் பகுதியை அவர் சொல்லவில்லை. "அது பதினோராவது சாப்டர். வர்றப்போ பார்த்துக்கலாம். உங்களுக்காகத் தமிழ்ல படிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்பறேண்ணா, தறியில கேளுங்க" என்றார். சொன்னபடி வாட்ஸப்பில் ஒவ்வொன்றாக வந்தது. நான் ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாகக் கேட்டேன். எண்ணிக்கையை நடுவில் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை.

மூன்றாவது ஞாயிறு ஆடினோம். வெளியே மூட்டமாக இருந்தது. தம்பி ஜன்னலைச் சாத்தினார். மூழ்கிய ஊரில் நாங்கள் அதுவரை போகாத ஒரு குளத்துக்குள் இறங்கினோம். தண்ணீருக்கு அடியில் இன்னொரு குளம், அதன் தண்ணீர் இன்னும் கனமானது, இன்னும் கறுப்பு. நாலாவது படியில் ஒரு பெட்டி. திருடன் அதைத் திறந்தான். படி நகர்ந்து அவன் கால் மாட்டிக்கொண்டது. தோணிக்காரி நீந்திப் போய் அவன் காலை விடுவித்து மேலே தள்ளினாள். ஆனால் அவள் பாவாடை அந்தப் படியில் சிக்கிக்கொண்டது. நர்சு உருட்டினார். போதவில்லை. மறுபடி உருட்டினார். போதவில்லை. மூச்சுக் கணக்கு ஒன்று ஒன்றாகக் குறைந்து முடிந்தது.

"மூச்சு முடிஞ்சா இன்னாண்ணா?" என்று கேட்டார் நர்சு. நாலு வருடப் பழக்கம். என்னைத்தான் கேட்டார்.

என் வாயும் நாலு வருடப் பழக்கத்தில் திறந்தது. "முடிஞ்சா முடிஞ்சதுதாம்மா."

தம்பியும் தலையாட்டினார். புத்தகம் அவருக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. தோணிக்காரியின் தலைமுடி மட்டும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருப்பதாகத் தம்பி மெதுவாகச் சொன்னார்.

நர்சு தன் தோணிக்காரியின் விவரம் எழுதிய தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். நாலு வருடத்தில் அழித்து அழித்து எழுதி, மடித்த இடத்தில் துணி மாதிரி ஆகிவிட்ட தாள். "பரவால்ல. போக வேண்டியவதான்" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார், ஒரு வியாபாரி வேடத்தோடு. யாரோ சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்வது போல ஆடினார். இறங்கும்போது படியில் என்னிடம் சொன்னார்: "இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கேண்ணா. டூட்டி மாத்திட்டாங்க." சற்று நின்று, "அதுவும் இல்ல. ஆஸ்பத்திரில எப்பப்பாரு யாருக்காவது பதில் சொல்லிக்கினே இருக்கேன். இங்க வந்தா தண்ணி மேல மிதந்துக்கினு இருப்பேன். இப்போ அது இல்ல" என்றார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் புதன்கிழமை நாங்கள் தறியில் இருந்தோம். இயர்போனில் ஒன்று என் காதில், ஒன்று மனைவி காதில். ஞாயிற்றுக்கிழமைக் கதையை வாரா வாரம் அவளுக்கு நான் சொல்லியாக வேண்டும், அதனால் விதிகளும் அவளுக்கு ஓரளவு தெரியும். தம்பியின் குரல், பஸ் நிலையத்து அறிவிப்பு மாதிரி, ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. "பகுதி பதினொன்று. தண்ணீர்."

மூச்சுக் கணக்கு வந்தது. அது பழையதுதான். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். பிறகு: "மூச்சு முடிந்தவர் உடனே இறப்பதில்லை. அருகில் இருக்கும் துணைவர் அவரை மீட்க மூன்று முறை முயலலாம்."

மனைவியின் நாடா நின்றுவிட்டது.

"அப்ப அந்தத் தோணிக்காரி?" என்றாள்.

"இன்னா?"

"மூணு தடவை இருக்குதாமே. நீங்க முடிஞ்சதுன்னு சொல்லிட்டீங்களே."

திரும்ப வைத்துக் கேட்டோம். மூன்றாம் முறையும் கேட்டோம். அந்த ரெக்கார்டிங் வந்த நாளைப் பார்த்தேன். தோணிக்காரி மூழ்கியதற்கு இரண்டு நாள் முன்பே என் போனில் வந்து கிடந்திருக்கிறது. நான் அப்போது ஏழாவது பகுதியில் இருந்தேன்.

"போய்ச் சொல்லிடுங்க" என்றாள்.

சொல்லவில்லை என்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தம்பி படித்தாரே தவிர அவர் மனதில் அது ஏறவில்லை என்பது தெரிந்தது. மற்ற இரண்டு பேரும் புத்தகத்தைத் தொடப்போவதில்லை. சொன்னால், என்னை நம்பித்தானே அலமாரியைத் திறக்காமல் இருந்தார்கள் என்பது ஒவ்வொருவர் முகத்திலும் தெரியும். பிறகு என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நான் மாடியில் உட்கார்ந்திருக்க ஒரு காரணமும் இருக்காது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த அம்மா நாலு வருடமாக மிதந்த தண்ணீரை விட்டுப் போகிறார், நான் சொன்ன ஒரு வார்த்தையால்.

அந்த மூன்று நாளும் தறியில் தோணிக்காரியைத்தான் பார்த்தேன். மிதிக்கட்டைப் பள்ளத்துக்குள் என் கால் இறங்கும்போதெல்லாம் கறுத்த தண்ணீரில் இறங்குவது போல இருந்தது. நாலாவது படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. பழைய புத்தகத்தில் செத்தவள், புதுப் புத்தகத்தில் இன்னும் சாகாதவள். இரண்டுக்கும் நடுவில் யாரும் அவளை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சனிக்கிழமை முசரவாக்கத்தில் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு ஷேர் ஆட்டோவில் வரும்போது வழியில் ஏரித் தண்ணீரைப் பார்த்தேன். மேலே மேகம் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீருக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் ஏதோ கேட்டார். நான் "மூணு தடவை" என்று பதில் சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நர்சு வந்தார். ஆட்டோக்காரர் வாங்கி வந்த போண்டாவைப் பிரித்து வைத்தார். தம்பி கதையைத் தொடங்க வாய் திறந்தார். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கி நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "மூச்சு முடிஞ்சா முடியலையாம். புது எடிஷன்ல பக்கத்துல இருக்கறவங்க மூணு தடவை உருட்டலாமாம். தம்பி அனுப்பினதுல இருக்குது. நான் அதுவரைக்கும் கேட்கல. கேட்காமயே சொல்லிட்டேன். தோணிக்காரி செத்திருக்கத் தேவையில்ல."

என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் ஆட்டோக்காரர்தான் பேசினார். "அப்போ கொலைக் கேஸுண்ணா இது. ஆட்டோ கீழதான் நிக்குது, ஸ்டேஷனுக்குப் போயிடலாமா?"

"நீ சும்மா இருப்பா" என்றார் நர்சு. "உன் பொட்டியாலதான் அவ போனா."

தம்பி புத்தகத்தை எடுத்துப் பதினோராவது பகுதியைத் திறந்தார். தாள் சரசரத்தது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் தப்புதான். படிச்சு அனுப்பினதே நான். அண்ணா வாயைப் பார்த்துக்கினே உட்கார்ந்துட்டேன்." பிறகு நர்சிடம், "ஒண்ணும் பிரச்சனையில்ல. அவ பொழைச்சிட்டான்னே வச்சிக்கலாம். அந்த வியாபாரியை விட்டுடுங்க" என்றார்.

நர்சு கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மடிப்பைப் பிரித்து முழங்கால்மேல் வைத்துத் தடவினார். தினம் அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"சும்மா எல்லாம் பொழைக்க வேணாம்" என்றார். "எத்தனை விழணும்?"

"பதினஞ்சு. இல்ல அதுக்கு மேல."

"யாரு பக்கத்துல இருந்தது?"

திருடன் மேலே போய்விட்டான். மூன்றாவது படியில் விளக்கோடு நின்றவன் நான்தான். அன்றைக்கும் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது, யாருக்கும் தேவைப்படவில்லை.

நர்சு பகடையை என் முன்னால் வைத்தார். "சொல்லிட்டு உருட்டுங்கண்ணா. அதான ரூல்ஸு."

நான் பகடையை எடுத்தேன். ஜன்னல் சாத்தாததால் வெயில் பாயில் விழுந்திருந்தது, ஆனாலும் தண்ணீர் வந்தது. கனமான தண்ணீர். "நான்" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வெகுநேரம் நின்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. "நான் விளக்கை இடது கைக்கு மாத்திக்கினு, வலது கையை நீட்டறேன்."

ஒன்பது.

"நான் நாலாவது படிக்கு இறங்கறேன். அவங்க பாவாடை எங்க மாட்டியிருக்குதுன்னு விளக்கைத் தாழ்த்திப் பார்க்கறேன். அதை இழுக்கறேன்."

பகடை பாயின் ஓரம்வரை ஓடி நின்றது. ஆட்டோக்காரர் குனிந்து பார்த்தார். "பதினாலு" என்றார். ஒரு எண் குறைந்து போனதற்கு அவர் தன் தொடையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவது முறைக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் கையில் இருந்தது ஒன்றுதான். "நான் விளக்கை விட்டுடறேன்" என்றேன். "ரெண்டு கையாலயும் அவங்களைப் பிடிச்சிக்கறேன்."

"விளக்கை விட்டா உங்களுக்கே வழி தெரியாதுண்ணா" என்றார் தம்பி.

"தெரியாட்டி பரவால்ல."

மூன்று விழுந்தது.

தம்பி விளக்கு படிப்படியாகக் கீழே போனதைச் சொன்னார். அது போகப்போகக் குளத்தின் அடி எவ்வளவு ஆழம் என்று முதல்முறையாகத் தெரிந்தது என்றார். அவள் கை என் கைக்குள் இருந்ததையும், பிறகு எடை மாறியதையும் சொன்னார்.

நர்சு கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே விட்டுவிட்டார். பேனா கேட்டு வாங்கி, தாளின் அடியில் ஏதோ எழுதினார். "இப்ப சரி" என்றார். "வார்டுலயும் சொந்தக்காரங்க அதைத்தாண்ணா கேப்பாங்க. பக்கத்துல யாரு இருந்தான்னு." அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். அவருடைய கையெழுத்தைப் படிக்க எனக்கு நேரமாயிற்று. இறந்த இடம் என்று எழுதி, நாலாவது படி என்று போட்டிருந்தார். உடன் இருந்தவர் என்பதற்கு எதிரில் என் வேடத்தைப் போட்டிருந்தார்.

"சரி, இப்ப விளக்கு இல்ல" என்றார் ஆட்டோக்காரர் போண்டாவைக் கடித்தபடி. "இருட்டுல இன்னா பண்றது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எந்த எண்ணுக்காகவும் இல்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்றுதான் பார்த்தார்கள். வியாபாரி பின்னால் வருகிறாரா என்று நான் நர்சிடம் கேட்டேன். வருகிறேன் என்றார், இந்த முறை அவருடைய சொந்தக் குரலில். நான் சுவரைத் தடவிக்கொண்டு மேலே ஏறுவதாகச் சொன்னேன்.

இறங்கி வந்தபோது மனைவி படியடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பொழைச்சாளா?"

"இல்ல."

அவள் கையில் இருந்த துணியை மடிக்காமல் வைத்தாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அந்தம்மா அடுத்த வாரம் வராங்களா?"

மாடியில் பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. நர்சு ஆட்டோக்காரரை எதற்கோ திட்டிக்கொண்டிருந்தார், அவர் பதிலுக்கு இன்னும் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்கே வராங்களாம்" என்றேன்.